ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி

என் அம்மா எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கினாள். ஒரு முறைகூட அதை உட்கொள்ளவில்லை. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் யாராவது இதைப் படித்தால் இந்த இரண்டு வரியிலேயே பதறிப்போவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நன்மை என்பது பூசையில் சாமியார் தரும் சின்ன வெள்ளை அப்பம்; எங்களுக்கு அது அப்பம் இல்லை, ஆண்டவரேதான். கையில் வாங்கினால் அங்கேயே, நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கைக்குட்டையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது சாவான பாவம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அம்மாதான்.

எனக்கு மட்டுமா? அஸ்தினாபுரத்தில் எங்கள் கோயில் பங்கில் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு திரிகிற பாதிப் பேருக்கு, முதல் முறை நன்மை வாங்கப் பழக்கும் புதுநன்மை வகுப்பை அவள்தான் எடுத்தாள். முப்பது வருடம், சனிக்கிழமை தோறும், எங்கள் வீட்டு ஹாலில். "கடிக்கக் கூடாது. அண்ணத்துல ஒட்டிக்கிச்சுன்னா விரல விடக் கூடாது. நாக்காலயே மெல்லத் தள்ளு" என்று தானே வாயைத் திறந்து காட்டுவாள். பிள்ளைகள் சிரித்தால் ஸ்கேலால் ஒரு தட்டு. அவள் ஸ்கேல்தான் பிற்பாடு எனக்கு வந்தது. நான் மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்போதெல்லாம் அடிக்க முடியாது, அதனால் வாயால் அடிக்கிறேன்.

கொரோனா முடிந்து கோயில் திறந்தபோது, இனி நாக்கில் தரமாட்டோம், கையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். முதல் ஞாயிறு அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். "இந்தக் கையாலதான்டி காலைல கறி கழுவினேன்" என்றாள். பிறகு கொஞ்ச நாளில் நாக்கிலும் வாங்கலாம் என்றானது. எல்லாக் கிழவிகளும் சந்தோஷமாக வாயைத் திறந்தார்கள். அம்மா மட்டும் தொடர்ந்து கையை நீட்டினாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாற்பது நோட்டில் ஒரு புள்ளி தள்ளி வைத்திருந்தால் கண்டுபிடிக்கிறவள் நான். பெற்றவள் விஷயத்தில், வயதாகிவிட்டது, பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் வலியால் அவள் முதல் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். கன்னியாஸ்திரி ஒருவர் இடத்துக்கே வந்து கொடுப்பார். அம்மா வாங்கி, முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக் குனிந்துகொள்வாள். பக்தி என்று எல்லாரும் நம்பினோம்.

இது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். என் மகளுக்கு அப்போது பதினெட்டு. அம்மாவை ஆயா, ஆயா என்று சுற்றிக்கொண்டு அவள் முந்தானையிலேயே வளர்ந்த பெண். அம்மா அவளிடம், "நாம ரெண்டு பேரும் மாதாவுக்கு நவநாள் பிடிப்போம். ஒன்பது நாள், விடாம. அப்பா எழுந்து வருவாரு பாரு" என்றாள். இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிடாமல் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த ஒரு ஜெபக்கூட்டக்காரம்மா என் மகள் தலையில் கை வைத்து, விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தம்மாவை நான் அன்றைக்கே நாலு கேட்டிருக்க வேண்டும். அழுதுகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த என் மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே நான் வரமாட்டேன். கூப்பிடாதீங்க" என்றாள். சொன்னபடியே நின்றாள்.

அம்மா அவளைத் திட்டவில்லை, கெஞ்சவில்லை. "எழுந்து வருவாருன்னு நான்தானே சொன்னேன்" என்று என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். என் அம்மா எதையும் விடுகிறவள் இல்லை என்பது நாற்பத்தெட்டு வயதில்கூட எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு நடைமுறை இப்படி ஆகிவிட்டது: நானும் அம்மாவும் ஏழரைப் பூசைக்குப் போவோம். வார நாளெல்லாம் காட்டாங்குளத்தூர் கல்லூரிக்கு ரயிலைப் பிடிக்க அடித்துப் பிடித்து ஓடுகிற என் மகள் அன்றைக்கு ஒன்பதரைக்குத்தான் கண் விழிப்பாள். அம்மா வந்ததும் வராததுமாகச் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சுவாள். மற்ற நாளெல்லாம் இட்லி, தோசை. ஞாயிறு மட்டும் கஞ்சி. அதுவரைக்கும் காபிகூடக் கூடாது. "ஒரு மணி நேரம் பொறுடி, வெறும் வயித்துல குடிச்சாதான் உடம்புல ஒட்டும்" என்பாள். குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். "அடியில நிக்குது பாரு, வழிச்சுக் குடி" என்பாள். அந்த டம்ளரை வேலைக்காரம்மாவுக்குப் போடமாட்டாள். தானே அலசி, அலசின தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். இவ்வளவும் என் கண் முன்னால்தான் நடந்தது.

ஒரு ஞாயிறு, துவைத்த துணி எடுக்கப் பின்பக்கம் போனவள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா அடுப்பு முன்னால் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். அடுப்படியில் எதற்கு முக்காடு? உள்ளே போனேன். அவள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிரித்தாள். நெஞ்சில் சிலுவை போட்டாள். கைக்குட்டையில் இருந்ததை இரண்டு விரலால் எடுத்துக் கஞ்சியில் இட்டாள். அது மேலே மிதந்து, மெல்லக் கரைந்தது.

"என்னம்மா பண்ற?" என்று கத்திவிட்டேன்.

அம்மா திரும்பவில்லை. "சத்தம் போடாத" என்றாள். "அவரு இருக்காரு."

 நான் ஒன்றும் பெரிய பக்தை இல்லை. அம்மா போகிறாள், நானும் போகிறேன், அவ்வளவுதான் என் கிறிஸ்தவம். ஆனாலும் அந்த டம்ளரைப் பார்த்துப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அவள் அதைக் கொண்டுபோய் என் மகளுக்குக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன ஆயா, இன்னிக்கு ஏலக்காய் போடலையா?" என்று கேட்டுக்கொண்டே அவள் குடித்தாள். நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று இன்று வரைக்கும் தெரியவில்லை.

அவள் குளிக்கப் போன பிறகு அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா?"

"தவக்காலத்துல இருந்து."

"அப்ப உனக்கு?"

"எனக்கென்ன? அறுபத்தஞ்சு வருஷமா வாங்கியிருக்கேன். கொஞ்ச நாளு அவ வாங்கட்டும்."

"அவ கோயிலுக்கு வந்தே ரெண்டு வருஷம் ஆகுது. பாவத்த சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம நன்மை வாங்கலாமா? நீதானே ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்த?"

"தெரிஞ்சு வாங்கினாத்தானே பாவம்? அவளுக்குத் தெரியாது. அதனால அவமேல ஒண்ணும் ஏறாது. எல்லாம் எம்மேல." இதை அவள் ஒரு கணக்கை முடித்த தொனியில் சொன்னாள். "அவளுக்குத் தெரியக் கூடாது. அதுதான் முக்கியம்."

"சரி, போதும். போய்ச் சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேளு."

"முடியாதுடி. இனிமே பண்ணமாட்டேன்னு சொல்லணும்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை பண்ணத்தானே போறேன்? ஆண்டவர்கிட்ட போய் எப்படிப் பொய் சொல்றது?"

 ஆண்டவரைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துவருவாளாம், அவரிடம் பொய் மட்டும் சொல்லமாட்டாளாம். சிரிப்பு வந்தது, கோபம் வந்தது. "இப்படியே செத்துப்போனா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நரகம்தான். தெரிஞ்சுதான் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

எனக்கு நரகத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அம்மாவுக்கு இருந்தது. தாம்பரம் மாதிரி, செங்கல்பட்டு மாதிரி, அது அவளுக்கு ஓர் ஊர். அந்த வருடம் டாக்டர் அவள் இதயம் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லியிருந்தார். கோயில் படி ஏறவே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். இவள் பயந்துகொண்டே சாகப்போகிறாள் என்ற நினைப்பு வேலை நடுவிலும் வந்தது. வகுப்பில் போர்டுப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அவள் சாவதற்குள் இதை நிறுத்த வேண்டும், அவள் ஒரு தடவையாவது நிம்மதியாக நன்மை வாங்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு அப்போது முக்கியமாகத் தெரியவில்லை.

ஒரே வழிதான் தோன்றியது. என் மகள் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, கோயிலுக்கு வந்தால் போதும். அம்மாவுக்கு எடுத்துவர வேண்டிய வேலை இருக்காது. அதைப் பக்குவமாக, பொறுமையாக, அவளை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று வாரக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நடந்தது வேறு. அடுத்து வந்த ஒரு ஞாயிறு அம்மா பாதியில் அவசரமாக எழுந்து குளியலறைக்குப் போயிருந்தாள். என் மகள் டம்ளரைத் தள்ளிவைத்து, "தினம் நல்லா சமைக்கறாங்க, சண்டே மட்டும் ஏன்மா இந்தக் கண்றாவி?" என்று முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான். என் நாக்கு இருக்கிறதே! "உனக்காக ஒருத்தி நரகத்துக்கே போக ரெடியா இருக்கா, உனக்குக் கஞ்சி கண்றாவியா இருக்கா?" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கைக்குட்டை, முக்காடு, தவக்காலம், எல்லாம்.

அவள் அழவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னைக் கேக்காம எனக்குள்ள போட்டிருக்காங்க" என்றாள். "எட்டு மாசமா. நான் என்னம்மா, பேய் புடிச்சவளா?" அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அதுதான் வரும்.

மீதிக் கஞ்சி அப்படியே இருந்தது. திரும்பி வந்த அம்மா டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். முழுக்கக் குடித்தாள். தொண்டையில் அது இறங்குவதை நான் பார்த்தேன். "பாவத்தோட வாங்கிட்டேன். இதுவும் கணக்குல சேரும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து என் மகள் அம்மா கையால் எதுவும் சாப்பிடவில்லை. சண்டை இல்லை. "பசிக்கல ஆயா", "கேன்டீன்ல சாப்பிட்டேன் ஆயா", "எனக்கு நானே போட்டுக்கறேன் ஆயா." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், தலை பின்னிவிடுவாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். எல்லாம் செய்வாள், சாப்பிட மட்டும் மாட்டாள். அம்மா கறிக்குழம்பு வைத்த அன்றைக்கு அவள் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். அதைவிட என்மேல்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அம்மா நன்மை வாங்கவே இல்லை. கன்னியாஸ்திரி பக்கத்தில் வந்தால் தலையை ஆட்டிவிடுவாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு முப்பது வருடம் வகுப்பு எடுத்த டீச்சர் நன்மை வாங்கவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? தெருவில் எங்கள் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒருத்தி விடாமல் என்னைக் குடைந்தாள். சர்க்கரை, டாக்டர் கோதுமை அப்பம்கூட ஆகாது என்று சொல்லியிருக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வீட்டில் அம்மாவோடு மல்லுக்கட்டினேன். "இப்பதான் குடுக்க வழியே இல்லையே. இனிமே பண்ணமாட்டேன்னு தாராளமா சொல்லலாமே. போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு" என்றேன்.

"வழியில்லாம நிறுத்துறது பாவத்துக்கு வருந்துற மனஸ்தாபமாடி? வழி கிடைச்சா பண்ணுவேனே" என்றாள்.

கணக்கு டீச்சரை இரண்டாவது தடவை மடக்கிவிட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மா ஹாலில் சரிந்து விழுந்தாள். ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் பங்குச் சாமியார் வந்தார். சின்ன வயது. அம்மாவுக்குப் பேரன் வயதுதான் இருக்கும். அம்மா என்னையும் என் மகளையும் வெளியே போகச் சொன்னாள். அறைக் கதவு கால் மணி நேரம் மூடியிருந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, எனக்கே நம்பிக்கை இல்லாத ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே வேண்டுதல்தான்: இவளை மன்னிச்சிடு, இவ பயப்படாம போகட்டும்.

கதவு திறந்தது. சாமியார் மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார். நாங்கள் உள்ளே போனோம். நான் கட்டில் காலடியில் முழங்காலில் இருந்தேன். என் மகள் வாசற்படியில், ஆயா குடிப்பதற்கு வெந்நீர் டம்ளரோடு நின்றாள். ஜெபம் முடிந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

"ஆமென்" என்றாள் அம்மா. பிறகு, "பாதி போதும் சாமி" என்றாள்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பாதி கொடுப்பது வழக்கம்தான். அவர் பிட்டு ஒரு பாதியை அவள் நாக்கில் வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அத்தனை நாள் பாரம் இறங்கியது. சத்தமில்லாமல் அழுதேன். இனி எது நடந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

சாமியார் கையில் மற்ற பாதி இருந்தது. அவர் அவசரப்படவில்லை. அம்மா கண்ணைத் திறந்தாள். என் மகளைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, சைகை காட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். சாமியாரும் பார்த்தார். என் மகள் டம்ளரை அலமாரி விளிம்பில் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசிக்கிற இரண்டு நிமிடம் பொறுக்க முடியாமல் நானே போர்டில் விடையை எழுதிவிடுவேன். அப்படித்தான் எழுந்து போனேன். கையை நீட்டினேன். சாமியார் ஒரு கணம் தயங்கிவிட்டு அந்தப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

அவர் போன பிறகு அம்மாவின் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "இனிமே பண்ணமாட்டேன்னு சொன்னியா?" என்று காதோடு கேட்டேன்.

"சொன்னேன்."

"அப்ப அந்தப் பாதி?"

"நான் எடுத்துக் குடுக்கலையே. சாமியாரு கையில விட்டுவெச்சேன். அவ வந்தா வாங்கிக்கட்டும், அவகிட்ட என்ன கேக்கணுமோ அவரு கேட்டுக்கட்டும்னு." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி எழுந்து வந்த?"

கோபமாகக் கேட்கவில்லை. அதற்கு அவளிடம் தெம்பு இல்லை. அந்த வாரமே, ஒரு மத்தியானம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா போய்விட்டாள். பயப்படவில்லை என்று என் மகள் சொன்னாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் மட்டும்தான் போனேன். திரும்பி வந்தபோது அவள் ஆயாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்று எத்தனையோ நாள் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு டம்ளர எதுக்குக் கீழ வெச்ச? வாங்க வர்றதுக்கா?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"தெரியலம்மா" என்றாள். "யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ எழுந்துட்ட."